குறைப்பிரசவத்தைத் தடுக்க: வார ஊசியா, இரவுக் கேப்சூலா, நானோ மருந்தா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் உங்கள் தங்கைக்கு முதல் குழந்தை 30 வாரத்திலேயே பிறந்துவிட்டது. இப்போது மறுபடி 14 வாரம். தினமும் இரவு கீழே, அதாவது பெண்ணுறுப்பின் உள்ளே, வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் புரோஜெஸ்டிரோன் கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியாருக்கு அதில் நம்பிக்கை இல்லை, வாரம் ஒரு ஊசி போட்டால்தான் பிள்ளை தங்கும் என்கிறார். சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணனோ, "இதற்கெல்லாம் நானோ மருந்து வந்துவிட்டதாம், கிளம்பி இங்கே வரச் சொல்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நான் டர்பனில் பல வருஷமாக பார்மசிஸ்ட். பிரசவ டாக்டர் இல்லை, அதனால் உங்கள் தங்கையின் டாக்டர் எழுதியதை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு மருந்து எந்த வழியாக உள்ளே போனால் எங்கே போய்ச் சேரும் என்பது என் அன்றாட வேலை. உங்கள் மூன்று பேர் சண்டையும் அதைப் பற்றித்தான். என் பதில்: கேப்சூல்தான், அதுவும் டாக்டர் சொன்ன இடத்தில்தான். வார ஊசியின் கதை முடிந்துபோனது. நானோ மருந்து இன்னும் எலியைத் தாண்டவில்லை. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புரோஜெஸ்டிரோன் நம் உடம்பே சுரக்கும் ஹார்மோன். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் சினைப்பையும், அதற்கப்புறம் நஞ்சுக்கொடியும் அதைத் தயாரிக்கின்றன. கர்ப்பப்பைத் தசை நேரத்துக்கு முன்னால் இறுகாமல் பார்த்துக்கொள்வது, கர்ப்பப்பை வாய் இளகித் திறந்துவிடாமல் கெட்டியாக வைத்திருப்பது, அந்தப் பகுதியில் அழற்சி தலைதூக்காமல் அடக்குவது எல்லாம் இதன் வேலை. சரி, அப்படியானால் மாத்திரையாக விழுங்கிவிடலாமே என்று தோன்றும். விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியை உடைத்து வேறு பொருள்களாக்கிவிடுகிறது. அவற்றில் ஒன்று மூளையில் தூக்க மருந்து மாதிரி வேலை செய்யும். வாய்வழியாகச் சாப்பிட்டவர்கள் தலைசுற்றல், மயக்கம் என்று சொல்வது இதனால்தான். கர்ப்பப்பைக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

அதே கேப்சூலைக் கீழே வைத்தால் கல்லீரல் குறுக்கே வருவதில்லை. அங்கிருக்கும் நாளங்களும் திசுக்களும் மருந்தை நேராகக் கர்ப்பப்பைக்கு ஏற்றிவிடுகின்றன. 1990களில் இதை அளந்து பார்த்தார்கள். ஊசியாகப் போட்டவர்களுக்கு ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அதிகம் இருந்தது, கர்ப்பப்பையின் உள்திசுவில் குறைவாக இருந்தது. கீழே வைத்தவர்களுக்கு ரத்தத்தில் குறைவு, கர்ப்பப்பையில் பல மடங்கு அதிகம். மாமியாரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். ஊசி ஸ்ட்ராங் என்பது ரத்தத்தைப் பொறுத்தவரை உண்மை. நமக்கு மருந்து தேவைப்படும் இடம் ரத்தம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கேப்சூல்களில் பல, வாய்வழி, கீழ்வழி இரண்டுக்கும் ஒரே உருவத்தில் வருபவை. பார்மசி கம்ப்யூட்டர் லேபிளில் 'இரவு ஒன்று எடுக்கவும்' என்று மட்டும் அச்சாகிவிடும். அப்படிப்பட்ட லேபிளை நம்பி வாரக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். வேறொரு கடையில் வாங்கியது. "ராத்திரி போட்டால் காலையில் எழுந்திரிக்கவே முடியவில்லை அங்கிள்" என்று அவர் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. உங்கள் தங்கையின் டப்பாவில் என்ன ஒட்டியிருக்கிறது என்று இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது ஊசிக்கு வருவோம். மாமியார் சொல்வது கற்பனை இல்லை, ஒரு காலத்தில் பெரிய நாடுகளே அதை நம்பின. அந்த ஊசியில் இருப்பது உடம்பு சுரக்கும் அதே புரோஜெஸ்டிரோன் அல்ல. வேதியியல் ரீதியாக மாற்றப்பட்ட உறவுக்காரர். பெயர் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட். விளக்கெண்ணெயில் கரைத்து, வாரம் 250 மில்லிகிராம் தசையில் போடுவார்கள். எண்ணெயிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து பல நாளுக்கு வேலை செய்யும் என்பது ஏற்பாடு. 2003இல் அமெரிக்காவில் 463 பெண்களிடம் நடந்த ஆய்வில், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு மறுபடியும் 37 வாரத்துக்கு முன் பிறப்பது 54.9 சதவீதத்திலிருந்து 36.3 சதவீதமாகக் குறைந்தது. அப்போதே சிலர் கேட்டார்கள்: வெறும் எண்ணெய் ஊசி போட்டுக்கொண்ட குழுவில் பாதிக்கு மேல் குறைப்பிரசவம் ஆகியிருக்கிறதே, அந்தக் குழு வழக்கத்தைவிட மோசமாக இருந்ததால்தான் மருந்து நல்லதாகத் தெரிகிறதோ?

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் 2011இல் மக்கீனா என்ற பெயரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு வழியில் அனுமதி கொடுத்தது. கூடவே, இன்னொரு பெரிய ஆய்வு நடத்தி உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. மருந்தகங்களில் 10, 20 டாலருக்குக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த ஊசிக்கு, அனுமதி கிடைத்ததும் நிறுவனம் 1,500 டாலர் விலை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் விலையைக் குறைத்தார்கள். 2018இல் இன்னொரு முன்னேற்றம்: தசையில் குத்தும் நீண்ட ஊசிக்குப் பதிலாக, கையின் பின்பக்கத் தோலுக்கடியில் தானாகவே மருந்தை இறக்கும் ஒரு கருவி. வலி குறைவு, போடுவது சுலபம். மருந்தைச் செலுத்தும் முறை என்று பார்த்தால் அருமையான கருவி.

அடுத்த வருஷமே, நிபந்தனை வைத்த அந்தப் பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. 1,708 பெண்கள். 35 வாரத்துக்கு முன் பிரசவம் ஆனது ஊசிக் குழுவில் 11 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 11.5 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். நாலு வருஷ இழுபறிக்கு அப்புறம் 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதியை ரத்து செய்தது. 2024இல் ஐரோப்பிய மருந்து அமைப்பும் இந்த ரக ஊசிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. புதிய கருவி, புதிய வழி என்ற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். வழி எவ்வளவு நவீனமாக இருந்தாலும், சுமந்து செல்லும் சரக்கு வேலை செய்யாவிட்டால் என்ன பயன்?

கீழே வைக்கும் புரோஜெஸ்டிரோனுக்கு இருக்கும் ஆதாரம் வேறு மாதிரியானது. எல்லாருக்கும் அது வேலை செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. யாருக்கு என்பதுதான் முக்கியம். 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் 24,620 கர்ப்பிணிகளுக்கு உள்வழி ஸ்கேன் செய்து கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். 15 மில்லிமீட்டருக்கும் குறைவாகவோ அந்த அளவிலோ இருந்தவர்கள் வெறும் 413 பேர். அவர்களில் சம்மதித்த 250 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரவில் 200 மில்லிகிராம் கேப்சூல், இன்னொரு பாதிக்கு வெற்றுக் கேப்சூல். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆனது 34.4 சதவீதத்திலிருந்து 19.2 சதவீதத்துக்கு இறங்கியது. 2011இல் 90 மில்லிகிராம் ஜெல்லை வைத்து நடந்த ஆய்விலும், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருந்தவர்களுக்கு 33 வாரத்துக்கு முன் பிறப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

எல்லா ஆய்வும் இப்படி வரவில்லை. 2016இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே 2021இல், உலகெங்கும் நடந்த 31 ஆய்வுகளின் விவரங்களை, ஒவ்வொரு பெண்ணின் தரவாகவே, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒற்றைக் குழந்தை, ஆனால் ஆபத்து அதிகம் உள்ள பெண்களுக்கு, கீழே வைக்கும் புரோஜெஸ்டிரோன் 34 வாரத்துக்கு முன் பிறப்பதை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைக்கிறது என்று வந்தது. இரட்டைக் குழந்தைகளுக்குப் பொதுவாகப் பலன் இல்லை. உங்கள் தங்கைக்கு ஒற்றைக் குழந்தை, முன்பு 30 வாரப் பிரசவம். இந்தக் கணக்கில் சரியாக உள்ளே வருகிறார்.

வைக்கும் முறையைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, வெட்கம் வேறு. நான் சொல்லிவிடுகிறேன். படுக்கப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, கேப்சூலைத் தண்ணீரில் லேசாக நனைத்து, விரல் போகும் மட்டும் உள்ளே தள்ளிவிட்டுப் படுத்துவிட வேண்டும். காலையில் எண்ணெய்ப் பசையாக, வெள்ளையாக வழியும். மருந்தெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். வழிவது பெரும்பாலும் மருந்தைச் சுமந்துவந்த எண்ணெயும் கேப்சூலின் மேல்தோலும்தான். ஒரு மெல்லிய பேட் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் தண்ணீர் மாதிரி தொடர்ந்து கசிந்தால் அது வேறு, பனிக்குட நீராக இருக்கலாம், அப்போது காத்திருக்கக் கூடாது. சில பிராண்டுகளில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பெட்டியைப் படிக்க வேண்டும். இன்னொன்று, டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் இவற்றைக் காரிலோ அடுப்படி ஜன்னலிலோ வைக்காதீர்கள். கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெழுகு மாதிரியான சொருகு மாத்திரை உருகியே போய்விடும்.

சரி, அண்ணன் படித்த நானோ மருந்து. அது பொய்ச் செய்தி இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கும் பிடித்தமானது. பெண்ணுறுப்பின் உள்ளே ஒரு வழவழப்பான சளிப்படலம் இருக்கிறது. கிருமியைப் பிடித்து வெளியே தள்ளுவதற்காக இயற்கை போட்ட வலை அது. வைக்கும் மருந்தையும் அதே வலை பிடித்துக்கொள்கிறது. இவர்கள் மருந்தை நானோ அளவுக்குப் பொடித்து, சளியில் ஒட்டாத ஒரு மேற்பூச்சைக் கொடுத்தார்கள். துகள்கள் வலையின் கண்களுக்கிடையே நழுவித் திசு வரை போய்விட்டன. புரோஜெஸ்டிரோனோடு, மரபணுக்களின் இயக்கத்தை மாற்றும் டிரைக்கோஸ்டாட்டின் என்ற இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது, அழற்சியைத் தூண்டிவிட்ட சுண்டெலிகளிடம் குறைப்பிரசவம் தடுக்கப்பட்டது, குட்டிகளும் உயிரோடு பிறந்தன. ஆனால் எல்லாம் சுண்டெலியில்.

இன்னொரு வழி லைப்போசோம். கொழுப்பால் ஆன நுண்ணிய குமிழி, உள்ளே மருந்து. இண்டோமெத்தசின் என்ற பழைய வலி மாத்திரை கர்ப்பப்பை இறுக்கத்தை நன்றாக நிறுத்தும். ஆனால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய், அதன் இதயத்துக்கருகில் பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் டாக்டர்கள் அதைக் கொஞ்ச நாளுக்கு மட்டும், பயந்து பயந்து கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலும் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் இதைக் குமிழிக்குள் அடைத்து, பிரசவ இறுக்கத்தைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் வந்து ஒட்டுவதற்காகக் கர்ப்பப்பைத் தசையில் நிறைய இருக்கும் ஏற்பியைத் தேடிப் பிடிக்கும்படி செய்தார்கள். எலிகளில் மருந்து தாயின் கர்ப்பப்பையில் தங்கியது, குட்டிகளுக்குப் போவது குறைந்தது. டெக்சஸின் கால்வெஸ்டனில் ராம்குமார் மேனன் குழு நேர் எதிர்த் திசையில் போகிறது. குழந்தைப் பக்கத்து அழற்சியும் பிரசவத்தைத் தூண்டும் என்பதால், செல்கள் தாமே வெளியிடும் எக்ஸோசோம் என்ற நுண்பைகளில் அழற்சியை அடக்கும் புரதத்தை ஏற்றி, நஞ்சுக்கொடியைத் தாண்ட விடுகிறார்கள். அதுவும் எலிதான்.

ஏன் இவ்வளவு மெதுவாக? 1940களிலிருந்து கருச்சிதைவையும் குறைப்பிரசவத்தையும் தடுக்கும் என்று நம்பி டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனை லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை என்று 1950களிலேயே ஆய்வு சொல்லியும் நிறுத்தவில்லை. 1971இல், வயிற்றில் இருந்தபோது அந்த மருந்தைப் பெற்ற மகள்களுக்குப் பதின்ம வயதில் அபூர்வமான புற்றுநோய் வருவது தெரிந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் புதிய மருந்து இரண்டு தலைமுறைகளில் சோதிக்கப்பட வேண்டியது. சென்னையிலோ ஜொஹானஸ்பர்கிலோ எவராவது இன்றைக்கு 'நானோ' என்று சொல்லிக் குறைப்பிரசவத்துக்குப் பணம் வாங்கினால், அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

புதிய வழிகளில் இந்த ஊருக்கு மிகவும் நெருங்கியது என்று நான் நினைப்பது நானோ அல்ல, வளையம். எச்.ஐ.வி. தடுப்புக்கான டாபிவிரின் வளையத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலிக்கோனால் ஆனது, பெண் தானே உள்ளே வைத்துக்கொள்வது, ஒரு மாதம் மெல்ல மெல்ல மருந்தைக் கசியவிடும். அதன் பெரிய ஆய்வுகளில் ஒன்று டர்பனைச் சுற்றிய வெருலம், டோங்காட் பெண்களை வைத்தும் நடந்தது. 2022இல் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. கர்ப்பிணிகள் பயன்படுத்துவது பற்றியும் தென்னாப்பிரிக்கா உட்பட நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஆய்வு செய்து, கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள். புரோஜெஸ்டிரோன் வளையமும் புதிதல்ல. பாலூட்டும் தாய்மார்களுக்குக் கருத்தடையாக, மூன்று மாதம் வேலை செய்யும் வளையம் லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறது. குறைப்பிரசவத்துக்கு அப்படி ஒன்று ஆய்வகத்தில்தான் இருக்கிறது, கடையில் இல்லை.

வளையத்தைப் பற்றி எனக்கு அக்கறை வரக் காரணம், தினமும் வைப்பது சுலபமில்லை என்பதுதான். இதே தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த வாய்ஸ் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வில், தினசரி மாத்திரை, தினசரி ஜெல் இரண்டுமே தோற்றன. ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடம்தான் மருந்தே தென்பட்டது. கேட்டால் பெரும்பாலோர் பயன்படுத்துவதாகத்தான் சொன்னார்கள். கூட்டுக் குடும்பம், பூட்டில்லாத குளியலறை, கேள்வி கேட்கும் மாமியார் என்று இருக்கும் வீட்டில் 20 வாரத்துக்கு மேல் தினமும் இரவு ஒரு கேப்சூல் வைப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தங்கைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி மாமியாரிடம் பேசுவதுதான்.

அடுத்தது ஸ்கேன். 24,000 பேரை அளந்து 400 பேரைக் கண்டுபிடித்தார்கள் என்று மேலே எழுதினேனே, இங்கே குறை அதில்தான். 1994இலிருந்து கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் இலவசம் என்றாலும், சாதாரண கிளினிக்கில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பது வழக்கமில்லை. முன்பு 30 வாரத்தில் பிரசவம் ஆனதை கிளினிக் சிஸ்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, பெரிய மருத்துவமனையின் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகள் பிரிவுக்குக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு ஆர்.கே. கான், பீனிக்ஸில் இருந்தால் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. 16 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள், உள்வழி ஸ்கேனில், சிறுநீர்ப்பை காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் குட்டை. முந்தைய குறைப்பிரசவமும் குட்டை வாயும் சேர்ந்தால் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது பற்றியும் டாக்டர் பேசுவார். அது மருந்து இல்லை, ஆனால் சிலருக்கு அதுதான் கைகொடுக்கும்.

சிறுநீர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள், எரிச்சலே இல்லாமல் தொற்று இருக்கும். வீட்டில் யாராவது ஹபிளி (ஹூக்கா) பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கட்டும், தங்கை தொடவே வேண்டாம். ஆஸ்பிரின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் கர்ப்பக்காரர்கள் சுமார் 12,000 பேரிடம் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வில் தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் குறைப்பிரசவத்தை 13.1லிருந்து 11.6 சதவீதமாகக் குறைத்தது. தங்கைக்கு இது இரண்டாவது, அதனால் அப்படியே பொருந்தாது. ரத்த அழுத்தச் சிக்கல் இருந்திருந்தால் டாக்டரே யோசிப்பார். ஒழுங்கான இடைவெளியில் வயிறு இறுகுவது, இடுப்புக்குக் கீழே அழுத்தம், ரத்தம், நீர்க்கசிவு, இவற்றில் எது வந்தாலும் கேப்சூலை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். 10177க்கு அழைத்து ஆம்புலன்ஸில் போங்கள். பிரசவத்தை நிறுத்த முடியாவிட்டால்கூட, ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும். 1972இல் நியூசிலாந்தில் கண்டுபிடித்தது அது. குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றியதில் அதைவிடப் பெரிய ஊசி இன்றும் இல்லை. ஊசி வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால், தேவைப்படும்போது இந்த ஊசி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட சின்னக் கேள்வி: புரட்டாசி மாதம் வீட்டில் கவுச்சி இல்லை, கேப்சூலில் ஜெலட்டின் இருக்கிறதாமே? ஆம், இந்த மென்கேப்சூல்களின் மேல்தோல் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின்தான். அதற்காக ஒரு மாதம் நிறுத்துவது கூடவே கூடாது. மனசு ஒப்பவில்லையென்றால், கேப்சூல் இல்லாத ஜெல்லோ கொழுப்பில் செய்த சொருகு மாத்திரையோ உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று பார்மசிஸ்ட்டிடம் கேளுங்கள். அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆகவே மாற்றுவதாக இருந்தால் டாக்டர் புதிதாக எழுதித்தர வேண்டும். புரட்டாசி பிறப்பதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு இரவுகூட விடுபடாமல் இருக்கும்.